மோக்கா தண்டனை: “இன்னும் ரெண்டு வருஷம்தானே” என்று மேல்முறையீட்டை விட்டுவிடலாமா?

வாசகர் கடிதம்

மும்பை தாராவியில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு தலைமுறையாகக் குடும்பம் மும்பையில் இருக்கிறது. அவருடைய தம்பி 2017 இறுதியில் கைதானார். வெளிநாட்டில் இருந்தபடி மிரட்டிப் பணம் பறிக்கும் ஒரு கும்பல், கட்டுமான அதிபர் ஒருவரின் அலுவலகத்தில் ஆளனுப்பிச் சுட்டது. அதில் காவலாளி ஒருவர் காயம்பட்டார். சுட்டவர்கள் வந்த பைக் தம்பியுடையது. மிரட்டல் அழைப்புகளில் சில, தம்பி பெயரில் வாங்கிய சிம் கார்டில் இருந்து போனவை. தெரிந்த பையன் கேட்டதால் இரண்டையும் கொடுத்ததாகவும், எதற்கென்று தெரியாது என்றும் தம்பி சொல்கிறார். போலீஸ் காவலில் நான்காம் நாள் மராத்தியில் எழுதிய ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்று வாரம் கழித்து, சிறையில் இருந்து அதை மறுத்துக் கடிதம் கொடுத்திருக்கிறார்.

மொத்தம் எட்டுப் பேர் மீது வழக்கு. சிறப்பு நீதிமன்றம் மூவரை விடுவித்து ஐவருக்குத் தண்டனை விதித்தது. தம்பிக்குக் கொலை முயற்சிக்கும் கூட்டுச்சதிக்கும் பத்தாண்டு. மோக்கா சட்டத்தின் (மகாராஷ்டிர அமைப்புசார் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம்) 3(1)(ii), 3(2), 3(4) ஆகிய மூன்று பிரிவுகளிலும் தலா பத்தாண்டு. எல்லாம் ஏககாலத்தில். அதோடு மோக்கா பிரிவு ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் ரூபாய் அபராதம். கட்டாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டாண்டு. கடிதம் எழுதிய அன்று தீர்ப்பு வந்து 41 நாள்.

“எங்க வக்கீல் மேல்முறையீட்டுக்கு 60 நாள் டைம் இருக்கு, அவசரமில்லைங்கிறார். எட்டு வருஷம் போச்சு, இன்னும் ரெண்டு வருஷம்தானே, பேசாம இருந்துட்டு வந்துரட்டும்னும் சொல்றார். ஊர்ல மாமா, இது நம்ம குண்டாஸ் மாதிரிதான், போர்டுல பேசி எடுத்துரலாம்ங்கிறார். தம்பி மேல இதுக்கு முன்னாடி ஒரு கேஸ்கூடக் கிடையாது, அப்புறம் எப்படி மோக்கா போட்டாங்க? அடிபட்ட காவலாளி இப்ப மாத்திச் சொல்லத் தயாரா இருக்கார், அவர்கிட்ட எழுதி வாங்கலாமா? அம்மா வயசானவங்க, தம்பியைப் பாளையங்கோட்டைக்கு மாத்த முடியுமா?” இவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் நாள் கணக்கு. உயர்நீதிமன்றத்துக்குப் போகும் சாதாரணக் குற்ற மேல்முறையீட்டுக்கு 60 நாள் என்பது சரிதான். உங்கள் தம்பியின் வழக்குக்கு அது பொருந்தாது. 1999-ஆம் ஆண்டின் மோக்கா சட்டம் தன் 12-ஆம் பிரிவில் தனிக் கெடு வைத்திருக்கிறது: தீர்ப்பு நாளில் இருந்து 30 நாள். சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து அது கைக்கு வரும்வரை ஆன நாட்களை இதில் கழித்துக்கொள்ளலாம். விண்ணப்பித்த தேதியும் நகல் தயாரான தேதியும் நகலின் கடைசிப் பக்கத்து முத்திரையில் இருக்கும். அப்படிக் கழித்தும் நீங்கள் கெடுவைத் தாண்டியிருக்கக்கூடும். பயப்பட வேண்டாம். மேல்முறையீட்டோடு தாமத மன்னிப்பு மனுவையும் போடுங்கள். சிறையில் இருப்பவரின் முதல் மேல்முறையீட்டில் சில நாள் தாமதத்தை உயர்நீதிமன்றங்கள் பொதுவாகப் பெருந்தன்மையோடுதான் பார்க்கின்றன. வக்கீல் தவறான கெடுவைச் சொன்னார் என்பதும் மனுவில் எழுதத் தக்க காரணமே. ஆனால் “இன்னும் 19 நாள் இருக்கிறது” என்று நினைத்துக் காத்திருந்தால், அந்த ஒவ்வொரு நாளுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். நகல் கையில் இருக்கிறதென்றால் இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள். வக்காலத்தில் தம்பியின் கையெழுத்தைச் சிறை அதிகாரி சான்றளித்துத் தர வேண்டும். அதற்கே நாலைந்து நாள் போய்விடும். வக்கீல் ஏற்பாடு தாமதமானால், சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகத் தம்பியே மேல்முறையீட்டு மனு அனுப்பலாம். அதுவும் சட்டப்படி முழு மேல்முறையீடுதான். வக்கீலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

குண்டாஸ் வேறு, இது வேறு

மாமா சொல்வது அக்கறையில் சொல்வது. ஆனால் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டம் தடுப்புக்காவல்: விசாரணையும் தீர்ப்பும் இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைப்பது. அதில்தான் அறிவுரைக் கழகம் (மாமா சொல்லும் ‘போர்டு’) உண்டு, ஆட்கொணர்வு மனுவில் உத்தரவை உடைக்கலாம். உங்கள் தம்பிக்கு நடந்திருப்பது முழு விசாரணை. அதன் முடிவில் நீதிமன்றம் குற்றவாளி என்று அறிவித்திருக்கிறது. இதை மாற்றும் அதிகாரம் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கும், அதற்கு மேல் உச்ச நீதிமன்றத்துக்கும்தான் உண்டு. “போர்டில் பேசுகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டு வருஷம் என்பது எட்டு வருஷமாகலாம்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இந்த இடம்தான். பத்தாண்டில் எட்டு முடிந்துவிட்டது, விசாரணைக் கைதியாக இருந்த காலம் கழியும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கழிவு மூலத் தண்டனைக்கு மட்டும்தான். அபராதம் கட்டாததற்கான சிறைவாசத்துக்கு அது கிடையாது. ‘ஏககாலத்தில்’ என்ற சலுகையும் அதற்குக் கிடையாது. மூலத் தண்டனை முடிந்தபின் அது தொடங்கும். ஒன்று முடிந்தபின் அடுத்தது தொடங்கும். 15 லட்சமும் கட்டாவிட்டால் மூன்று பிரிவுக்கும் சேர்த்து ஆறு ஆண்டு. ஆக மிச்சம் இருப்பது இரண்டு ஆண்டல்ல, எட்டு ஆண்டு. கொலை முயற்சிப் பிரிவுக்கும் அபராதம் இருந்தால் அதன் கணக்கு தனி.

இதே சிக்கல் 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது: சரத் ஹிரு கோலம்பே எதிர் மகாராஷ்டிர அரசு. மோக்கா பிரிவுகளுக்கான அபராதங்களைக் கட்ட முடியாமல், மூலத் தண்டனைக்குப் பிறகும் பல ஆண்டுகள் உள்ளே இருக்க வேண்டிய நிலையில் இருந்தவர் அவர். அபராதத்துக்கான சிறைவாசங்களை ஏககாலத்தில் ஓட்ட முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. குறைந்தபட்ச அபராதத்தைச் சட்டமே நிர்ணயித்திருப்பதால் 5 லட்சத்துக்குக் கீழேயும் போகவில்லை. ஆனால் கட்டாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் மூன்றாண்டு என்று இருந்ததை ஓராண்டாகக் குறைத்தது. உங்கள் மேல்முறையீட்டில் இதை மாற்றுக் கோரிக்கையாகக் கட்டாயம் சேர்க்க வேண்டும்: முழு விடுதலை கிடைக்காவிட்டாலும் அபராதத்துக்கான சிறைவாசத்தையாவது குறையுங்கள் என்று. மேல்முறையீடே போடாவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அபராதத்தில் ஒரு பகுதியைக் கட்டினால் அதற்கேற்ற அளவு சிறைவாசம் குறையும். கைதி அந்தச் சிறைவாசத்தில் இருக்கும்போது மிச்சத்தைக் கட்டினாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே வீட்டை விற்று 15 லட்சத்தை இன்றே கட்டிவிட வேண்டியதில்லை. முதலில் அபராத வசூலையும் நிறுத்திவைக்க உயர்நீதிமன்றத்தில் கேளுங்கள். தண்டனை நிறுத்திவைப்பு மனுவில் (மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்தி வெளியே விடக் கேட்பது) ‘அபராதம் உட்பட’ என்ற சொற்கள் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கும் பிழை.

தீர்ப்பைப் பிரிவு பிரிவாகப் பிரியுங்கள்

நீதிமன்றம் அறிவித்த நாளில் அது உங்களுக்கு ஒரே தீர்ப்பாகத்தான் கேட்டிருக்கும். உண்மையில் அதில் நான்கைந்து தீர்ப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியது வேறு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ‘பொய் வழக்கு’ என்று எதிர்க்கும் மேல்முறையீடுகள் பெரும்பாலும் எடுபடுவதில்லை. ஒரு மோக்கா பிரிவு விழுந்தால்கூட 5 லட்சமும் இரண்டாண்டும் கூடவே விழுகின்றன என்பதை மனதில் வையுங்கள்.

3(4) என்பது கும்பலின் உறுப்பினராக இருந்ததற்கு. பக்கத்துத் தெருப் பையனுக்கு ஒருமுறை பைக் கொடுத்ததால் ஒருவர் உறுப்பினராகிவிடுவாரா? பணம் வாங்கினாரா, கூட்டங்களுக்குப் போனாரா, மற்றவர்களோடு தொடர்ந்து பேசினாரா? இதற்கெல்லாம் சாட்சியம் எங்கே என்று கேட்க வேண்டும். மூன்றில் மிகவும் பலவீனமான பிரிவு இதுவாகத்தான் தெரிகிறது.

3(2) என்பது சதி, உடந்தை, தெரிந்தே வசதி செய்து கொடுத்தல். இங்கே ‘தெரிந்தே’ என்பதுதான் உயிர். பைக்கின் ஆர்.சி. புத்தகம் தம்பி பெயரில் இருக்கிறது, சிம்முக்கான விண்ணப்பத்தில் தம்பியின் படம் இருக்கிறது. இவை பொருளைக் கொடுத்தார் என்பதைக் காட்டும். எதற்கென்று தெரிந்து கொடுத்தார் என்பதைக் காட்டாது. தெல்கி முத்திரைத்தாள் மோசடியோடு தொடர்புடைய ரஞ்சித்சிங் சர்மா வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இந்த மனநிலைக் கூறை வலியுறுத்தியிருக்கிறது. இந்த வழக்கில் ‘தெரிந்திருந்தது’ என்பதற்கான சான்று ஒப்புதல் வாக்குமூலம் மட்டும்தானா, வேறேதும் உண்டா என்று தீர்ப்பில் தேடுங்கள். வேறு எதுவும் இல்லை என்றால், மேல்முறையீடு முழுவதும் அந்த வாக்குமூலத்தைச் சுற்றியே அமையும்.

3(1)(ii) அமைப்புசார் குற்றத்துக்கானது. இது அடிப்படைக் குற்றத்தின் மீது நிற்கிறது. 2015-இல் சிவாஜி ராமாஜி சோனாவணே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பழைய குற்றப்பத்திரிகைகள் இருப்பது மட்டும் போதாது, தொடர்ந்து செய்த சட்டவிரோதச் செயலும் நிரூபிக்கப்பட வேண்டும், அடிப்படைக் குற்றத்தில் இருந்து விடுதலையானவரை மோக்காவில் மட்டும் தண்டிக்க முடியாது. ஆகவே கொலை முயற்சி, கூட்டுச்சதி ஆகியவற்றில் தம்பியின் பங்கு உடைந்தால் மோக்காவும் ஆட்டம் காணும்.

“முன் வழக்கே இல்லையே”

இது மிகவும் பரவலான நம்பிக்கை; உங்கள் வக்கீலும் விசாரணை நீதிமன்றத்தில் இதைத்தான் முதன்மை வாதமாக வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தாண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மை. அவை மூன்றாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களுக்கானவையாகவும், நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றவையாகவும் இருக்க வேண்டும். ஆனால் அவை ஒவ்வொரு எதிரி (குற்றம்சாட்டப்பட்டவர்) மீதும் இருக்க வேண்டியதில்லை, அந்தக் கும்பலைச் சேர்ந்தவர்கள் மீது இருந்தால் போதும். கௌரி லங்கேஷ் கொலை வழக்கில் 2021-இலும், ஜாகிர் மிராஜ்கர் வழக்கில் 2022-இலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. இந்த வாதத்தை முதலிடத்தில் வைத்தால் நீதிபதிகளின் கவனம் வீணாகும். மாற்றிக் கேளுங்கள்: காட்டப்பட்ட பழைய குற்றப்பத்திரிகைகள் உண்மையில் இந்தக் கும்பலுடையவைதானா? பண ஆதாயத்துக்கான வன்முறை பற்றியவையா, தனிப்பட்ட அடிதடியா? நீதிமன்றம் அவற்றை ஏற்றுக்கொண்ட ஆணையின் நகல் சாட்சியத்தில் குறியிடப்பட்டிருக்கிறதா? அது இல்லாமலே வழக்கை முடித்திருந்தால் அது பலமான வாதம்.

கூடவே இரண்டு அனுமதி ஆணைகளைப் பாருங்கள். மோக்கா பிரிவைச் சேர்த்து வழக்குப் பதிய டி.ஐ.ஜி. தரத்துக்குக் குறையாத அதிகாரியின் முன் ஒப்புதல் வேண்டும். நீதிமன்றம் வழக்கை ஏற்க, கூடுதல் டி.ஜி.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி வேண்டும். எல்லோர் பெயரும் முதல் ஒப்புதலில் இருக்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. ஆனால் தம்பியைப் பொறுத்தவரை எந்த ஆவணங்களைப் பார்த்து அனுமதி கொடுத்தார் என்பதற்கு அந்த அதிகாரி குறுக்கு விசாரணையில் என்ன பதில் சொன்னார் என்று வரி வரியாகப் படிக்க வேண்டும்.

ஒப்புதல் வாக்குமூலம்

போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்பது பொதுவான சாட்சியச் சட்டம். மோக்காவின் 18-ஆம் பிரிவு அதற்கு விலக்கு. எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரி, மும்பையில் என்றால் டி.சி.பி. (காவல் துணை ஆணையர்), பதிந்த வாக்குமூலம் சொன்னவர் மீதும் செல்லும். அதே வழக்கில் சேர்ந்து விசாரிக்கப்படும் மற்ற எதிரிகள் மீதும் செல்லும். “பைக் கொடுத்த பையன்” என்று மற்ற இருவர் சொன்னதைத் தீர்ப்பில் பயன்படுத்தியிருப்பது இதனால்தான். இவ்வளவு பெரிய விலக்கைக் கொடுத்ததால் சட்டம் அதைச் சுற்றிப் பல வேலிகளையும் போட்டிருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது அந்த வேலிகளில் எது தாண்டப்பட்டது என்று.

சுதந்திரமான சூழலில் பதிய வேண்டும். விசாரித்த மொழியிலேயே, அவர் சொன்னபடியே எழுத வேண்டும். ஒப்புக்கொள்ளக் கட்டாயமில்லை, சொன்னால் அவருக்கு எதிராகவே பயன்படும் என்று எழுத்தில் விளக்க வேண்டும். யோசிக்க அவகாசம் தர வேண்டும். வழக்கமாக 24 மணி நேரம் தருவார்கள். தாமாகவே சொன்னார் என்று அதிகாரி தேதியும் நேரமும் இட்டு வாக்குமூலத்தின் கீழே சான்று எழுத வேண்டும். பிறகு வாக்குமூலத்தை உடனே தலைமை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பி, நேரத்தை வீணாக்காமல் ஆளையும் அவர்முன் நிறுத்த வேண்டும். அங்கே எதிரி சொல்வதை மாஜிஸ்திரேட் சிரத்தையாகப் பதிந்து கையெழுத்து வாங்க வேண்டும். அடித்தார்கள் என்று சொன்னால் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டும்.

மொழி விஷயத்தில் உங்கள் தம்பிக்கு ஒரு வாதம் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி. வாக்குமூலமோ இலக்கண சுத்தமான மராத்தி. டி.சி.பி. எந்த மொழியில் கேள்வி கேட்டார், யார் எழுதினார், திரும்ப வாசித்துக் காட்டியது எந்த மொழியில்? இவை அவருடைய குறுக்கு விசாரணையில் இருக்கின்றனவா பாருங்கள். தம்பி மராத்தி வழிப் பள்ளியில் படித்தவர் என்றால் இந்த வாதம் தளர்ந்துவிடும். அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள். மூன்று பேரின் வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே வாக்கியங்கள், ஒரே வரிசை, ஒரே பிழைகள் வந்தால் மஞ்சள் மையில் குறியுங்கள்.

2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கும் மோக்கா வழக்குதான். 2015-இல் ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுளும் விதிக்கப்பட்டன. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. வாக்குமூலங்களில் ஒரே பகுதிகள் திரும்பத் திரும்ப வந்ததையும், சித்திரவதைப் புகார்களையும், அடையாள அணிவகுப்பு நடத்தியவருக்கு அப்போது அதிகாரமே இல்லாததையும் அது விரிவாக ஆராய்ந்தது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம், விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை, ஆனால் அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே அதை மேற்கோள் காட்டி வெற்றி பெறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாக்குமூலத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “மோக்கா விழுந்தால் வாக்குமூலமும் தானாக விழும், பிறகு எதுவும் மிஞ்சாது” என்று உங்கள் வக்கீல் நம்புகிறார் போலிருக்கிறது. அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் தடா குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது, 19 பேரை விடுவித்தது. ஆனால் தடாவின் கீழ் பதிந்த வாக்குமூலங்களை மற்றவர்களின் கொலை, சதிக் குற்றங்களுக்குச் சான்றாக ஏற்றுக்கொண்டது. அரசு வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருப்பார். எனவே வாக்குமூலத்தை அதன் சொந்தக் குறைகளாலேயே வீழ்த்த வேண்டும்.

மாஜிஸ்திரேட் முன் தம்பி ஒன்றும் சொல்லாமல் நின்றது பாதகம்தான். வெளியே போலீஸ் நின்றது, மறுபடியும் அதே காவலுக்குத்தான் போக வேண்டியிருந்தது என்பவை அதற்கு விளக்கம். நீதிமன்றக் காவலுக்குப் போனபிறகு மூன்று வாரத்துக்குள் மறுத்து எழுதியது நல்லது. அந்தக் கடிதத்தின் சிறை வரிசை எண் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். மறுக்கப்பட்டதாலேயே வாக்குமூலம் ஒழிந்துவிடாது. ஆனால் அதை மட்டும் நம்பித் தண்டிக்காமல் வேறு சான்றின் துணையைத் தேடுவது நீதிமன்றங்கள் கடைப்பிடிக்கும் எச்சரிக்கை.

தொலைபேசிச் சான்றைப் பற்றிச் சுருக்கமாக: அழைப்புப் பட்டியலுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் (மின்னணுப் பதிவுக்கான சான்று) வேண்டும். அது இல்லையென்று விசாரணையில் ஆட்சேபம் எழுப்பாவிட்டால், மேல்முறையீட்டில் முதல்முறையாக எழுப்ப முடியாது என்பது 2017-இன் சோனு எதிர் ஹரியானா தீர்ப்பு. ஆட்சேபித்திருக்கிறீர்களா என்று பதிவைப் பாருங்கள். இல்லையென்றால் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

மூவர் விடுதலை உங்களுக்கு உதவுமா?

தானாக உதவாது. ஒரே மாதிரியான சான்றை வைத்து ஒருவரை விடுவித்து மற்றவரைத் தண்டிக்க முடியாது என்று 2023-இல் ஜாவேத் ஷௌகத் அலி குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே விடுதலையான மூவரில் யாராவது தம்பியைப் போலவே பொருள் கொடுத்தவர் என்று மட்டும் குற்றம்சாட்டப்பட்டிருந்தாரா, அவரை எந்தக் காரணத்தால் விடுவித்தார்கள் என்ற பத்தியைத் தேடுங்கள். அது கிடைத்தால் உங்கள் வாதங்களில் சிறந்ததாக இருக்கும்.

வெளியே வர வழி

மேல்முறையீடு முடிய ஆண்டுகள் ஆகும். ரயில் வழக்கில் மட்டும் பத்தாண்டு ஆயிற்று. எனவே மேல்முறையீட்டோடு சேர்த்தே தண்டனை நிறுத்திவைப்பு மனுவும் போக வேண்டும். குறித்த கால அளவுள்ள தண்டனைகளில் இதைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று 1999-இல் பகவான் ராமா ஷிண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்தில் எட்டாண்டு முடிந்திருப்பது உங்கள் பெரிய பலம். மோக்காவின் கடுமையான ஜாமீன் நிபந்தனையை அரசுத் தரப்பு நினைவூட்டும். அதற்குப் பதில் இருக்கிறது: அருண் காவ்லி 2012-இல் கொலை மற்றும் மோக்காவில் ஆயுள் தண்டனை பெற்றவர், உயர்நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதி செய்தது. அவருக்கே நீண்ட சிறைவாசத்தையும் வயதையும் கருதி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. கும்பலின் தலைவர் என்று குற்றம்சாட்டப்பட்டவரோடு பைக் கொடுத்தவரை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். சிறையில் தம்பியின் நடத்தைச் சான்று, வேறு வழக்குகள் இல்லை என்ற உறுதிமொழி, தங்கப்போகும் முகவரி, இரண்டு ஜாமீன்தாரர்கள் ஆகியவற்றை இப்போதே தயார் செய்யுங்கள்.

மேல்முறையீடு போட்டால் தண்டனை கூடிவிடுமோ என்ற பயம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. எதிரி போட்ட மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் தண்டனையைக் கூட்ட முடியாது. தமிழ்நாட்டில் இருந்து போன நாகராஜன் வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் சொன்னது. அரசு தனியாக மேல்முறையீடு செய்தால் மட்டுமே அந்த ஆபத்து. அரசு செய்வதும் செய்யாததும் நீங்கள் சும்மா இருப்பதைப் பொறுத்ததல்ல.

காவலாளியிடம் போகாதீர்கள்

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மேல்முறையீடு ஏற்கெனவே பதிந்த சாட்சியத்தின் மீதுதான் நடக்கும். நோட்டரி முன் எழுதி வாங்கிய தாளுக்கு அங்கே மதிப்பில்லை. கூடுதல் சாட்சியம் எடுக்க உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அரிதாகவே பயன்படுத்தும். சாட்சி மனம் மாறிவிட்டார் என்பது அதற்குக் காரணமாகாது. அதோடு, அவர் அடிபட்ட சாட்சி. சுட்டவர்களைத்தான் அடையாளம் காட்டியிருக்கிறார், தம்பியை அல்ல. அவர் மாற்றிச் சொன்னாலும் தம்பிக்குப் பெரிதாக லாபமில்லை. நஷ்டமோ பெரிது: சாட்சியைக் கலைத்ததாக உங்கள் மீதே வழக்கு வரலாம், ‘கும்பல் இன்னும் இயங்குகிறது’ என்று சொல்லி அரசுத் தரப்பு தண்டனை நிறுத்திவைப்பை எதிர்க்கும். அவரே தேடி வந்தாலும் பேச வேண்டாம், வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

செலவும் பாளையங்கோட்டையும்

காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டம் அதைச் சொல்கிறது. பம்பாய் உயர்நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவுக்கு தம்பி சிறையில் இருந்தே விண்ணப்பிக்கலாம். தனி வக்கீலை அமர்த்தினால், மோக்கா மேல்முறையீடு நடத்தியவரா, முழு சாட்சியப் பதிவையும் படிப்பாரா என்று கேளுங்கள். தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு வாதாடும் வக்கீலால் இந்த வழக்கில் பயனில்லை. உயர்நீதிமன்றத்தில் தோற்றால் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவுக்கு 90 நாள். அங்கே புதிய வாதங்களைத் தொடங்குவது கடினம் என்பதால் எல்லாவற்றையும் இந்தக் கட்டத்திலேயே பதிவு செய்ய வேண்டும்.

பாளையங்கோட்டைக்கு மாற்றுவது 1950-ஆம் ஆண்டின் கைதிகள் மாற்றச் சட்டப்படி முடியும், ஆனால் இரு மாநில அரசுகளும் சம்மதிக்க வேண்டும். மும்பையில் வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் மறுப்பார்கள். அம்மாவின் மருத்துவச் சான்றோடு விண்ணப்பம் கொடுத்து வையுங்கள். நிறுத்திவைப்பு மனு முடியும்வரை அதை அழுத்த வேண்டாம். வக்கீலும் கட்சிக்காரரும் இப்போது ஒரே ஊரில் இருப்பது நல்லது. அம்மாவுக்கு இப்போதைக்குக் காணொலி முலாகாத் (சிறைச் சந்திப்பு) கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முலாகாத்தில் தம்பியிடம் இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: டி.சி.பி. அலுவலகத்துக்கு எத்தனை முறை கூட்டிப் போனார்கள், இரண்டாம் முறைக்கு முன் எந்த லாக்கப்பில் இருந்தார், யார் காவல் நின்றது? மாஜிஸ்திரேட் என்ன கேட்டார், எந்த மொழியில்? அப்போது அறையில் போலீஸ் இருந்ததா? விசாரணையின் முடிவில் நீதிபதி கேட்ட கேள்விகளில் பைக், சிம், கூட்டம் ஆகிய மூன்றையும் பற்றித் தனித்தனியாகக் கேட்டாரா? கேட்காத எதையும் தண்டனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 1984-இன் சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பில் இருந்து வரும் விதி. அதனால் பாதிப்பு ஏற்பட்டது என்று வக்கீல் காட்ட வேண்டியிருக்கும். அந்தக் கேள்வி-பதில் தாள்களின் நகலையும், மூன்று வாக்குமூலங்களையும், இரண்டு அனுமதி ஆணைகளையும், டி.சி.பி.யின் குறுக்கு விசாரணையையும் தனிக் கோப்பாகக் கட்டி, வக்காலத்தோடு சேர்த்துப் புதிய வக்கீலிடம் கொடுங்கள்.